திடலை அளந்து பார்ப்பது எப்படி: சக்கர நாற்காலி செல்லும் வழிக்கு ஒரு கையேடு

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்குத் தடுப்புகளை இழுத்து வைத்து வண்டிகளை நிறுத்திவிட்டால், மறுநாள் காலை ஏழரை வரை அந்தத் தார்ச்சாலை நடப்பவர்களுடையது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு இந்த ஊரில் கிடைக்கும் மிக நல்ல தளம் அதுதான் என்பேன். மாற்றுத்திறனாளிகளை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு அல்ல அது என்றாலும், நகரத்தில் அவர்களுக்காகவே கட்டப்பட்ட பல சாய்தளங்களைவிட அதிகமாகப் பயன்படுகிறது. ஆனால் அந்தச் சாலைக்கு வந்து சேர்வதும், அங்கிருந்து கடல் பக்க நடைபாதையிலோ திடலிலோ ஏறுவதும், அவசரத்துக்குக் கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதும் வேறு கதை. ஒரு பொதுத் திடலுக்குள் சக்கர நாற்காலி போக முடியுமா என்ற கேள்விக்குச் சாய்தளம் இருக்கிறது என்பது பதில் ஆகாது. ஆட்டோவிலிருந்து இறங்கும் இடத்தில் தொடங்கி மீண்டும் ஆட்டோவில் ஏறும் வரை வழி எங்கேயும் அறுபடவில்லை என்பதே பதில்.

அப்படி அறுபடும் இடங்களைக் கண்டுபிடித்து, அளந்து, எழுத்தில் வைத்து, திருத்தச் சொல்லும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன். இதற்குப் பொறியாளர் பட்டம் வேண்டியதில்லை. ஐந்து மீட்டர் இன்ச் டேப், கொத்தனார் வைத்திருக்கும் அறுபது சென்டிமீட்டர் ரசமட்டம், சாக்பீஸ், நோட்டு, படம் எடுக்க ஒரு கைபேசி ஆகியவை போதும். இவற்றுக்கெல்லாம் முன்பாக, அன்றாடம் சக்கர நாற்காலியில் வாழும் ஒருவர் உடன் வர வேண்டும்.

எனக்கு அப்படி வாய்த்தவர் என் பெரியப்பா. பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்த பிறகு, மாலையில் கடற்காற்று வாங்க வேண்டும் என்பதைத் தவிர அவர் பெரிதாக எதையும் கேட்டதில்லை. நகரின் நடுவே புதிதாகச் செப்பனிடப்பட்ட ஒரு திடலுக்கு, பெயர் இங்கே வேண்டாம், அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். படியோரம் பளபளவென்று கிரானைட்டில் ஒரு சாய்தளம் இருந்தது. பாதி ஏறியதும் என் செருப்பு வழுக்கியது. நாற்காலி பின்னால் வர, அதை என் முழங்காலால் தாங்கி நிறுத்தினேன். அங்கே வேலையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தவர் ஓடிவந்து உதவிவிட்டு, "நாலு பேர் சேர்ந்தா தூக்கி வெச்சிடலாமே சார்" என்றார். அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். பெரியப்பா மட்டும், "நான் என்ன அரிசி மூட்டையாப்பா?" என்று கேட்டார். மறுநாள் ரசமட்டத்தோடு போய் அளந்தேன். சரிவு ஏறத்தாழ ஆறுக்கு ஒன்று: ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உயரம். அதாவது இருக்க வேண்டியதைப் போல இரு மடங்கு.

உடன் வருபவரைப் பற்றி ஒரு வார்த்தை. நடக்க முடிந்தவர்கள் இரவல் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சோதித்துப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. விழப்போனால் காலை ஊன்றிக்கொள்ளலாம் என்ற தைரியம் அவர்கள் உடம்பில் இருக்கும், கையும் தளராது. முடிந்தால் மூன்று வகையினரை அழைத்துச் செல்லுங்கள்: தானே சக்கரத்தைத் தள்ளிச் செல்பவர், பிறர் தள்ளச் செல்பவர், பின்னால் இரண்டு கூடுதல் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் வருபவர். முதலாமவருக்குச் சரிவும், இரண்டாமவருக்குக் குழிகளும், மூன்றாமவருக்கு வாசலின் அகலமும் பெரும் பிரச்சினையாக இருக்கும் என்பதால், ஒருவரை மட்டும் கேட்டுவிட்டு முடிவுக்கு வந்துவிட முடியாது.

அளப்பதைத் திடலுக்குள் தொடங்காதீர்கள். இறங்கும் இடத்தில் தொடங்குங்கள். கடற்கரைச் சாலை மூடியிருக்கும் நேரத்தில் ஆட்டோக்கள் குறுக்கு வீதிகளில்தான் நிற்கும். ஆகவே தடுப்பு வைக்கும் இடத்திலிருந்து நீங்கள் போக விரும்பும் இடம், உதாரணமாகக் காந்தி சிலை, எத்தனை மீட்டர் தொலைவு என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். காரில் வருபவர்களுக்கு ஒதுக்கிய நிறுத்துமிடம் இருந்தால் அதன் அகலம் 3.6 மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண இடத்தைவிட ஏன் இவ்வளவு அகலம் என்றால், கார்க் கதவை முழுவதும் திறந்து, பக்கத்தில் நாற்காலியை விரித்து, ஆள் மாறி உட்கார அந்த ஒரு மீட்டருக்கு மேற்பட்ட இடம் தேவை. அந்த இடத்தில் யாராவது பைக்கை நிறுத்தியிருப்பார்கள். அதையும் படம் எடுங்கள்.

அடுத்து வருவது தடுப்பு. சாதாரண சக்கர நாற்காலியின் அகலம் ஏறத்தாழ 65 முதல் 70 சென்டிமீட்டர். சக்கரத்தைத் தள்ளும் கைகளின் முட்டிக்கும் இடம் வேண்டும் என்பதால் 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த எந்தச் சந்தும் நடைமுறையில் மூடிய வாசல்தான். பூங்கா வாசல்களில் இரு சக்கர வண்டிகள் நுழையாமல் இருக்க இரும்புக் கம்பங்களை நெருக்கி நடுவதும், வளைந்து நெளிந்து போகும் குழாய் வேலி போடுவதும், சுழல் கதவு வைப்பதும் வழக்கம். இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். ஸ்கூட்டரின் கைப்பிடி அகலமும் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர்தான். சக்கர நாற்காலி போகிற சந்தில் ஸ்கூட்டரும் போகும்; ஸ்கூட்டர் போகாத சந்தில் சக்கர நாற்காலியும் போகாது. கம்பத்தை வைத்து இதைத் தீர்க்கவே முடியாது. காவலர் ஒருவரோ அபராதமோதான் தீர்வு. "கம்பத்தை எடுத்தால் பைக் வந்துவிடும்" என்று அதிகாரி சொல்லும்போது இந்த இரண்டு அளவுகளையும் அவர் முன் வைக்கலாம்.

பாதையின் தளத்தைப் பார்க்கும்போது பெரிய சக்கரத்தை மறந்துவிட்டு, முன்னால் இருக்கும் சிறிய சக்கரத்தைக் கவனியுங்கள். கவிழ்ப்பது அதுதான். அது மெல்லியது, மழைநீர் வடிகால் மேல் போட்ட இரும்புக் கிராதியின் சந்தில் நேராக இறங்கிச் சிக்கிக்கொள்ளும், நாற்காலி நிற்கும், ஆள் மட்டும் முன்னால் போவார். கிராதிச் சந்து 12 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கம்பிகள், நாற்காலி போகும் திசைக்குக் குறுக்காக அமைய வேண்டும். டேப்பை நுழைக்க முடியாத இடத்தில் சுண்டு விரலை விட்டுப் பாருங்கள். தாராளமாகப் போனால் குறித்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் மூடிய ஸ்லாபுகளின் இடைவெளி, ஒரு பக்கம் அமுங்கிப்போன பேவர் பிளாக், மரவேர் தூக்கிவிட்ட நடைபாதைக் கல், மூடி இல்லாத கேபிள் குழி ஆகிய எல்லாவற்றையும் சாக்பீஸால் வட்டமிட்டு எண் கொடுங்கள். நடைபாதையில் தடையில்லாத அகலம் 1.8 மீட்டர் இருக்க வேண்டும். கல்லின் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அளந்து ஏமாந்துவிடாதீர்கள். விளக்குக் கம்பம், குப்பைத்தொட்டி, பஜ்ஜிக் கடையின் அடுப்பு எல்லாம் போக மிஞ்சுவதுதான் அகலம். தள்ளுவண்டிக்காரர்களை விரட்டச் சொல்லி எழுதவும் வேண்டாம். அவர்கள் பிழைப்பும் அந்தத் திடலில்தான் இருக்கிறது. அரை மீட்டர் தள்ளி ஒரு கோடு போட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும்.

இப்போது சரிவுக்கு வருவோம். மனுக்களில் பாதி இதைப் பற்றித்தான் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை "சாய்தளம் செங்குத்தாக உள்ளது" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும். எவ்வளவு செங்குத்து என்று எழுதாத வரை அது உங்கள் அபிப்பிராயம்; எழுதிவிட்டால் அது குறைபாடு. விதிப்படி சரிவு 1:12-க்கு மேல் போகக் கூடாது. ஒரு சென்டிமீட்டர் உயர்வதற்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம் என்று பொருள். கோணத்தில் சொன்னால் ஐந்து டிகிரிக்குச் சற்றே குறைவு. அளக்கும் முறை எளிது. அறுபது சென்டிமீட்டர் ரசமட்டத்தைச் சரிவின் திசையில் படுக்க வையுங்கள். மேல்முனை தரையைத் தொட்டபடியே இருக்க, கீழ்முனையை மட்டும் மெல்லத் தூக்கி, குமிழி நடுவில் வந்து நிற்கும்போது பிடித்துக்கொள்ளுங்கள். கீழ்முனைக்கும் தரைக்கும் இடையே உள்ள உயரத்தை மற்றவர் டேப்பால் அளக்கட்டும். ஐந்து சென்டிமீட்டர் வந்தால் சரியாக 1:12. ஏழரை வந்தால் 1:8. பத்து வந்தால் 1:6. சாய்தளத்தின் அடி, நடு, உச்சி என்று மூன்று இடங்களில் இப்படிச் செய்யுங்கள், ஏனென்றால் அடியில் தணிவாகத் தொடங்கி உச்சியில் நெட்டுக்குத்தாக முடியும் சாய்தளங்கள் இந்த ஊரில் அரிதல்ல. அதே ரசமட்டத்தைக் குறுக்காகவும் வைத்துப் பாருங்கள். பக்கச் சரிவு 1:50-ஐத் தாண்டினால், அதாவது அறுபது சென்டிமீட்டருக்கு 1.2 சென்டிமீட்டருக்கு மேல் சாய்ந்தால், நாற்காலி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும்.

இந்த எண்கள் உடம்பில் என்ன செய்கின்றன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆளும் நாற்காலியும் சேர்ந்து தொண்ணூறு கிலோ என்று வைத்துக்கொண்டால், 1:12 சரிவில் அது பின்னோக்கி உருளாமல் நிறுத்தவே ஏழரைக் கிலோ அளவுக்குத் தள்ளிப்பிடிக்க வேண்டும். 1:6 சரிவில் அது பதினைந்து கிலோவுக்கு அருகில் போய்விடும். மேலே ஏற்ற வேண்டுமானால் அதற்கும் மேல். எழுபது வயதான பெரியம்மா தள்ளுகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

படியின் உயரத்தை வைத்தே எவ்வளவு நீளம் தேவை என்று சொல்லிவிடலாம். பதினைந்து சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படிக்கு 1.8 மீட்டர் சாய்தளம் வேண்டும். மூன்று படிக்கு 5.4 மீட்டர். ஐந்து படி, அதாவது 75 சென்டிமீட்டர் உயரம் என்றால் ஒன்பது மீட்டர். அதற்கு மேலும் உயர வேண்டுமானால் நடுவில் 1.5 மீட்டர் நீளச் சமதளம் ஒன்று விட்டுத்தான் தொடர வேண்டும். அதே அளவு சமதளம் அடியிலும் உச்சியிலும் வேண்டும், ஏனென்றால் சக்கர நாற்காலி நின்ற இடத்திலேயே திரும்ப ஏறத்தாழ 1.5 மீட்டர் வட்டம் தேவை. சாய்தளத்தின் அகலம் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. இடம் தாராளமாக உள்ள திடல்களில் 1:15, 1:20 என்று தணித்துப் போடச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. ஐந்து படி உயரத்துக்கு இரண்டு மீட்டர் சாய்தளம் வரைந்திருக்கும் வரைபடத்தைப் பார்த்தால், அளக்கவே வேண்டாம்; அது கேஸ் சிலிண்டர் உருட்டுவதற்குப் போட்டது.

நடைபாதை ஓரத்தில் சாலைக்கு இறங்கும் சிறு சரிவுக்கும் இதே 1:12 கணக்குதான். அங்கே சிக்கல் பெரும்பாலும் சரிவில் இருப்பதில்லை, அது தார்ச்சாலையைத் தொடும் கோட்டில் இருக்கும். புதிதாகத் தார் போடும் ஒவ்வொரு முறையும் அங்கே இரண்டு, மூன்று சென்டிமீட்டர் விளிம்பு முளைக்கும். அல்லது பள்ளமாகி, ஐப்பசி கார்த்திகை மழையில் குட்டையாக நிற்கும். தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் யாரும் சிறு சக்கரத்தை இறக்க மாட்டார்கள். எனவே ஒரு நல்ல மழைக்கு மறுநாள் காலையில் கட்டாயம் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

கைப்பிடி இரண்டு பக்கமும், 76 சென்டிமீட்டர், 90 சென்டிமீட்டர் என்ற இரண்டு உயரங்களில் இருக்க வேண்டும். சாய்தளம் முடியும் இடத்துக்கு அப்பாலும் 30 சென்டிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். கடலோரத்தில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. உப்புக்காற்றில் சாதாரண இரும்புக் குழாய் சில ஆண்டுகளிலேயே பொரிந்து, பிடிப்பவர் கையைக் கிழிக்கும். வழக்கமாகப் போடும் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகிலும் பழுப்புப் புள்ளிகள் விழும்; கடலோரத்துக்கு ஏற்றது 316 ரகம். விலை கூடுதல்தான் என்றாலும் கொள்முதல் குறிப்பில் அந்த எண்ணை எழுதச் சொல்லிக் கேளுங்கள். தளக்கல்லுக்கும் அப்படியே: மெருகேற்றிய கிரானைட்டில் கடல் ஈரமும் மணலும் படிந்தால் என் செருப்புக்கு ஆனதுதான் எல்லோருக்கும் ஆகும். தீயில் வாட்டிச் சொரசொரப்பாக்கிய கிரானைட்டே சரிவுக்கு உகந்தது.

திடலுக்குள் வந்தபின் பார்க்க வேண்டியவை குறைவு. பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலி நிற்க ஒரு சமதளம் உண்டா, அதனால் குடும்பத்தோடு சேர்ந்து உட்கார முடியுமா, குடிநீர்க் குழாய் உட்கார்ந்த கைக்கு எட்டுமா, கைப்பிடிச் சுவர் கடலை மறைக்காமல் இருக்கிறதா என்பவை போதும். விழா நாள்களைத் தனியாகப் பாருங்கள். நவம்பர் 1 விடுதலை நாள், ஆகஸ்டு 15 என்று மேடை போடும் நாள்களில் மின்கம்பிகள் வழியின் குறுக்கே ஓடும். சவுக்குக் கட்டைத் தடுப்புகள் சாய்தளத்தின் வாயிலேயே நிற்கும். மற்ற நாள்களில் எல்லாம் சரியாக இருக்கும் வழி அன்று மட்டும் அடைபட்டிருப்பதைக் கண்டால் வியப்படைய வேண்டாம்.

கழிப்பறை பற்றிக் கூச்சப்படாமல் எழுத வேண்டும், ஏனென்றால் பலர் வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பதற்கே அதுதான் காரணம். பெரியப்பா கடற்கரைக்குப் போகும் நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. உள்ளளவு குறைந்தது 2.2-க்கு 2 மீட்டர், கதவின் திறப்பு 90 சென்டிமீட்டர், கதவு வெளிப்பக்கம் திறப்பது அல்லது பக்கவாட்டில் நகர்வது, மேற்கத்திய பீங்கானின் இருக்கை தரையிலிருந்து 45 முதல் 48 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பது, பக்கத்தில் ஆள் எடை தாங்கும் பிடிகம்பி: இவை அளக்க வேண்டியவை. அளப்பதற்கு முன் கதவு பூட்டியிருக்கும். சாவி யாரிடம், வர எத்தனை நிமிடம் ஆனது, திறந்தபோது உள்ளே துடைப்பமும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் இருந்தனவா என்பதையும் அளவுகளுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

படம் எடுக்கும்போது டேப்பின் எண் தெரிய ஒன்று, அடையாளம் காட்டும் கட்டடமோ சிலையோ பின்னால் தெரிய ஒன்று என்று ஒவ்வொரு குறைக்கும் இரண்டு படங்கள் எடுங்கள். பிறகு குறையின் எண், இடம், இப்போதுள்ள அளவு, இருக்க வேண்டிய அளவு, செய்ய வேண்டிய வேலை என்ற வரிசையில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். ஐம்பது குறைகள் கண்டாலும், வழியை முற்றிலும் அறுக்கிற ஐந்தை மட்டும் முதல் பக்கத்தில் வையுங்கள். மற்றவை இணைப்பில் போகட்டும். நீண்ட மனு கோப்பில் உறங்கிவிடும்.

யாருக்கு அனுப்புவது என்பதே பெரிய புதிர். ஒரே திடலில் தளம் பொதுப்பணித் துறையிடமும், விளக்கு மின்துறையிடமும், கழிப்பறை நகராட்சியிடமும், அழகுபடுத்தும் வேலை சுற்றுலாத் துறையிடமும் இருக்கக்கூடும். ஊகிக்காமல், பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுவிடுங்கள்: இந்தத் திடலின் பராமரிப்பு எந்தத் துறையிடம் உள்ளது, கடைசியாக நடந்த வேலை எது, அதன் வரைபடத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் தரங்கள் சரிபார்க்கப்பட்டனவா. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலில் உள்ள துறைத் தலைவருக்கு மனுவையும், சமூக நலத்துறைக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையருக்கும் நகல்களையும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள்.

மனுவில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அடுத்த ஆண்டு ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 40-ஆம் பிரிவு நகரத்திலும் கிராமத்திலும் பொதுமக்களுக்கான வசதிகள் அனைத்துக்கும் அணுகல் தரங்களை வகுக்கச் சொல்கிறது. 41-ஆம் பிரிவு அவர்கள் சென்று வரத்தக்க சாலைகளைக் கோருகிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களுக்கு 45-ஆம் பிரிவு, விதிகள் வெளியானதிலிருந்து ஐந்து ஆண்டுக் கெடு வைத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன, கெடு 2022 ஜூனில் முடிந்தது. அளவுகளுக்கு ஆதாரமாக மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட ஒருங்கிணைந்த அணுகல் வழிகாட்டுதல்களைச் சுட்டுங்கள். அவை வெறும் பரிந்துரைதானே என்று யாராவது சொன்னால், அத்தரங்களைக் கட்டாயமற்றவையாக விட்டுவைத்த விதி சட்டத்துக்கு முரணானது என்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்ததையும், கட்டாய விதிகளை மூன்று மாதங்களில் வகுக்குமாறு ஆணையிட்டதையும் எடுத்துச் சொல்லலாம்.

புதுச்சேரியின் பழைய பகுதியில் இன்னொரு பதிலும் வரும்: "பாரம்பரியச் சின்னம், கை வைக்க முடியாது." அந்தக் கவலை நியாயமானதே. அதற்காகத்தான் கல்லில் ஆணி அடிக்காமல் வெறுமனே எடுத்து வைக்கக்கூடிய மரச் சாய்தளமும் எஃகுச் சாய்தளமும் இருக்கின்றன. நூறாண்டுப் படிக்கு எந்தச் சேதமும் வராது. ஆனால் எடுத்து வைக்கும் பொருளுக்கு ஒரு பொறுப்பாளர் பெயரும் நேரமும் எழுத்தில் இல்லாவிட்டால், அது கழிப்பறைத் துடைப்பத்தோடு போய்ச் சேர்ந்துவிடும்.

மனு பலித்து வேலை தொடங்கினால் உங்கள் வேலை முடிந்துவிடவில்லை. கொத்தனார் பலகை அடித்துக் கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தைய நாள் ரசமட்டத்தோடு அங்கே போய் நில்லுங்கள். மேஸ்திரியிடம் விதி எண்ணைச் சொல்வதைவிட, "இந்த மட்டத்துக்கு அஞ்சு சென்டிக்கு மேல போகக் கூடாது மேஸ்திரி" என்று பலகை மீது வைத்துக் காட்டுங்கள். அவருக்கு உடனே புரியும். பலகையை இறக்கி அடிக்க அரை மணி நேரம் போதும். கான்கிரீட் இறுகிய பிறகு அதை உடைக்க இன்னொரு மதிப்பீடும் இன்னொரு டெண்டரும் வேண்டும்.